மறைந்த பெயர், திறந்த கணக்கு



காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் ஆகிய மூன்று திக்குகளின் இருப்புப் பாதைகளும் கூடும் சந்திப்பு பாகாலா. இத்தகைய சந்திப்புகளைக் கடந்து ஊர் திரும்பும் நம் போன்றோர்க்கு, காத்திருப்போர் பட்டியலில் நிற்கும்போதெல்லாம் ஓர் ஐயம் எழுவதுண்டு. நமக்குக் கிட்டாத இடம் எவருக்குச் சென்றது?

கையால் பதிவேடு எழுதிய காலத்தில், 'இடமில்லை' என்ற சொல்லை நம்புவதன்றி வேறு வழியில்லை. வண்டிப் பெட்டியில் ஒட்டிய பட்டியலோ பயணியின் பெயர், வயது, பால் அனைத்தையும் ஊரறியக் காட்டிற்று. தனியே செல்லும் பெண்ணின் படுக்கை எதுவென்று வழிப்போக்கனும் அறியலாம். கணக்குத் திறந்தபோது அந்தரங்கமும் உடன் திறந்துவிட்டது.

1985-இல் புது டெல்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கிற்று. 2002-இல் வலைத்தளம் வழியே சீட்டு வாங்கும் வசதியும் வந்தது. பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணே இன்று பயணியின் புனைபெயர். அதைக் கொண்டு வினவினால் வரிசையில் நம் நிலை தெரியும், பெயர் தெரியாது. பெரிய நிலையங்களில் பெட்டிதோறும் பட்டியல் ஒட்டுவது 2018-இல் நிறுத்தப்பட்டது. 2019 முதல், பட்டியல் தயாரானபின் காலியாக உள்ள படுக்கைகளை யாவரும் திரையில் காணலாம், அங்கும் பெயரில்லை.

புனைபெயரில் எழுதுவோரைப் பத்திரிகாசிரியர் அறிவார். வாசகர் அறிய வேண்டுவதில்லை. அதுபோலவே, பயணி யாரென்பது டிக்கெட் பரிசோதகருக்குத் தெரிந்தால் போதும். போலிப் பெயர்களில் இடம் கவரும் தரகரைத் தடுக்க, 2025 ஜூலை முதல் வலைத்தளத் தட்கல் சீட்டுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. மெய்ப்பெயர் உள்ளே சோதிக்கப்படுகிறது; வெளியே பறைசாற்றப்படுவதில்லை.

எனினும் குறை ஒன்றுண்டு. அவசர ஒதுக்கீட்டில் எத்தனை இடங்கள், எக்காரணங்களுக்காக அளிக்கப்பட்டன என்பது வரிசையில் நிற்பவரின் திரையில் தோன்றுவதில்லை. பழைய ஐயம் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறது. பெற்றவர் பெயரை நாம் கேட்கவில்லை. நோயாளிக்கு இத்தனை, அலுவல் நிமித்தம் இத்தனை என்ற எண்ணிக்கை போதும். மென்பொருளில் அதற்கு ஒரு வரி சேர்ப்பது அரிய செயலன்று.

பொதுமக்களின் நம்பிக்கை வேண்டுகோளால் மட்டும் வருவதன்று. ஆளை மறைத்து, கணக்கைக் காட்டும்படி அமைப்பை வகுத்தால், 'இடமில்லை' என்ற விடையையும் நாம் மனக்கசப்பின்றி ஏற்போம்.