இரண்டு வாரம் தாண்டிய இருமல்
(ஆரணி நெசவாளர்களிடையே ஆற்றிய உரை)



தறி இருக்கிற அறையிலயே சமையல், படுக்கை, பிள்ளைங்க படிப்பு எல்லாம் நடக்கிற வீடுகள் இங்கே உண்டு. அதனாலதான் காசநோய் பற்றிப் பேசுறேன். நோயாளி இருமும்போது கிருமி காற்றில் கலக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். தட்டு, டம்ளர், துணி வழியாகப் பரவாது. ஒருத்தருக்குத் தட்டைத் தனியா ஒதுக்குறதை விட்டுட்டு, ஜன்னலைத் திறங்க.

கிருமி நுழைஞ்ச எல்லாருக்கும் நோய் வராது. உடம்பின் வெள்ளை அணுக்கள் அதை வளைத்துச் சுவர் கட்டிவிடும். கிருமி சாகாம உள்ளே தூங்கும். 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் என்றைக்காவது நோயாக மாறும். சர்க்கரை நோயும் சத்துக்குறைவும் அந்தச் சுவரை இடிச்சிடும்.

"நோயாளியை வீட்டுல வச்சுப் பார்க்கலாமா?" இதுக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம்ம சென்னைங்க. 1956-ல் அங்கே தொடங்கிய ஆய்வு மையம், ஒரு பகுதி நோயாளிகளுக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் மருந்து கொடுத்துப் பார்த்தது. எல்லாம் நெரிசலான, ஏழை வீடுகள். ஆனாலும் வீட்டு சிகிச்சை சளைக்கவில்லை; வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது.

ஆனா மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டே மாதத்தில் இருமல் அடங்கும்; சாதாரணக் காசநோய்க்கே 6 மாதம் தேவை. பாதியில் விட்டா, மிச்சக் கிருமி மருந்துக்கு மசியாது.

சளிப் பரிசோதனை, மருந்து இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். சந்தேகம்னா 104-க்குப் போன் பண்ணுங்க.