அனுப்பப்பட்டவர்கள்

(நூற்றாண்டு நன்றி ஆராதனையைத் தொடர்ந்து, வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அப்போஸ்தலர் என்ற பொருளில் இன்று பேச வேண்டும் என்று செயற்குழு முடிவுசெய்தபோது, இதற்கு ஒரு போதகரை அல்லவா அழைக்க வேண்டும் என்று எங்களில் சிலர் கேட்டதுண்டு. ஆனால் வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்தச் சொல் அவ்வளவு அந்நியமானதல்ல. ஏன் என்பது போகப்போக விளங்கும். இந்த மண்டபத்தில் சைவ வீடுகளிலிருந்து வந்து படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். நீங்களும் காலைக் கூட்டத்தில் இந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். பன்னிருவரின் பெயர்களையும் தாளம்போட்டு மனனம் செய்தது பலருக்கு நினைவிருக்கும். செபதேயுவின் குமாரனாகிய யாக்கோபு, அல்பேயுவின் குமாரனாகிய யாக்கோபு என்று இரண்டு யாக்கோபுமார் வருகிற இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுந்தோம்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'அப்போஸ்தொலொஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அனுப்பப்பட்டவர் என்று பொருள். அது முதலில் சமயச் சொல்லாக இருக்கவில்லை. பழைய கிரேக்கர் கடலுக்கு அனுப்பிய படைக்கப்பல் தொகுதியைக்கூட அந்தச் சொல்லால் குறித்தார்கள். கத்தோலிக்கர் இன்று 'திருத்தூதர்' என்று சொல்வது இந்தப் பொருளைத் தமிழிலேயே தந்துவிடுகிறது. சீஷர் வேறு, அப்போஸ்தலர் வேறு. சீஷர் குருவின் காலடியில் இருந்து கற்பவர். அப்போஸ்தலர் அங்கிருந்து எழுப்பி அனுப்பப்பட்டவர். இயேசு தம்முடைய சீஷர் பலரையும் அழைத்து, அவர்களில் பன்னிரண்டு பேரைத் தெரிந்து அவர்களுக்கு அப்போஸ்தலர் என்று பெயரிட்டார் என்று லூக்கா 6ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார்.

யூதரிடையே 'ஷாலியா' என்றொரு வழக்கம் இருந்தது. ஒருவர் தன் சார்பில் இன்னொருவரை அனுப்பினால், போனவர் செய்வது அனுப்பியவரே செய்ததற்குச் சமம். தன் ஆளை அனுப்பி ஒருவர் கலியாண ஒப்பந்தத்தைக்கூடச் செய்துகொள்ளலாம். அந்த அதிகாரம் போனவருடைய சொந்தச் சொத்து அல்ல. கொடுத்த அலுவலுக்கு மட்டுமே அது செல்லும்.

எங்களுக்கு இது ஆஸ்பத்திரியில் அன்றாடம் காணும் காட்சி. தூரத்துக் கிராம வைத்தியசாலை ஒன்றிலிருந்து நடுச்சாமத்தில் அம்புலன்ஸ் வருகிறது. நோயாளியோடு கடிதத்தையும் பிடித்துக்கொண்டு ஒரு தாதி இறங்குகிறா. வயதிலும் பதவியிலும் அந்த வாட்டில் எல்லோரிலும் இளையவா அவாவாகவே இருப்பா. ஆனால் அவா பேசும்போது பெரிய வைத்திய நிபுணரும் நின்று கேட்கத்தான் வேண்டும். அவா அனுப்பப்பட்டவா என்பது ஒன்று. வழி முழுக்க நோயாளியைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தவா என்பது மற்றது. கடிதத்தில் இல்லாத விஷயம் அவாவிடம் இருக்கும்.

அப்போஸ்தலருக்கும் இந்த இரண்டுமே தேவைப்பட்டன. யூதாஸ் போன பின் அவனுடைய இடத்துக்கு ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டி வந்தபோது பேதுரு வைத்த நிபந்தனை அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரத்தில் இருக்கிறது. யோவான் ஞானஸ்நானம் கொடுத்த காலம் முதல் கூடவே இருந்தவராகவும், உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாக நிற்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். படிப்போ, குலமோ, பேச்சுவன்மையோ கேட்கப்படவில்லை. சீட்டுப் போட்டதில் மத்தியா வந்தார். அதன்பின் புதிய ஏற்பாட்டில் அவருடைய பெயர் ஒரு தடவையும் வருவதில்லை.

பன்னிரண்டு என்ற எண் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களை நினைவுபடுத்துவது. அது ஒரு தொடக்கத்தின் அடையாளம். காலியானால் நிரப்பிக்கொண்டே போகவேண்டிய நாற்காலிகள் அல்ல. செபதேயுவின் குமாரனாகிய யாக்கோபை ஏரோது கொன்றபோது அவருடைய இடத்துக்கு வேறு ஒருவரும் தெரியப்பட்டதாகச் செய்தி இல்லை. மறுபக்கம், பன்னிருவரில் இல்லாத பர்னபாவும் பவுலும் அப்போஸ்தலர் என்று அழைக்கப்படுகிறார்கள். பவுல் இந்தப் பெயருக்காகக் கடைசிவரை வாதாட வேண்டியிருந்தது. நான் அப்போஸ்தலன் அல்லவா, கர்த்தரைக் கண்டேன் அல்லவா என்று கொரிந்தியரிடம் அவர் கேட்பதில் ஒரு மனவருத்தம் தெரிகிறது. பிந்தி வந்தவர்களுக்கு எந்தக் காலத்திலும் உள்ள வருத்தம்தான்.

கண்டதும் அனுப்பப்பட்டதும்தான் அளவுகோல் என்றால், அந்தப் பெண்களை எங்கே வைப்பது?

மகதலேனா மரியாளும், ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாளும், சூசன்னாளும் இன்னும் பலரும் கலிலேயாவிலிருந்தே கூட நடந்தவர்கள் என்றும், தங்கள் ஆஸ்தியால் உதவியவர்கள் என்றும் லூக்கா 8ஆம் அதிகாரம் சொல்கிறது. கலிலேயாவிலிருந்து வந்த அந்தப் பெண்கள்தான் சிலுவையில் நடந்ததை நின்று பார்த்தார்கள். உடலை எங்கே வைத்தார்கள் என்று கவனித்ததும் அவர்களே. விடியற்காலையில் கல்லறைக்குப் போனதும் அவர்களே. யோவான் சுவிசேஷத்தின்படி உயிர்த்த இயேசு முதலில் பேசியது மரியாளோடு. போய் என் சகோதரருக்குச் சொல் என்று அனுப்பியதும் அவளைத்தான். கண்டவள், அனுப்பப்பட்டவள். பேதுருவின் நிபந்தனையில் இதற்குமேல் என்ன இருக்கிறது?

அவர்கள் போய்ச் சொன்னபோது அப்போஸ்தலர்கள் நம்பவில்லை. எங்கள் வேதாகமத்தில் அது 'வீண்பேச்சாக'த் தோன்றியது என்று இருக்கிறது. லூக்கா அந்த இடத்தில் போட்ட கிரேக்கச் சொல் 'லேரொஸ்'. பழைய கிரேக்க வைத்திய நூல்களில் காய்ச்சல் தலைக்கேறியவர் பிதற்றுவதைக் குறிக்கவும் இந்தச் சொற்குடும்பம் வருகிறது. எங்கள் ஊர்த் தமிழில் சொன்னால், அலட்டல். லூக்கா வைத்தியர் என்பது பாரம்பரியம். கொலோசெயர் நிருபத்தில் பவுல் அவரைப் பிரியமான வைத்தியன் என்கிறார். அவர் யோசித்தே இந்தச் சொல்லைப் போட்டார் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். ஆண்கள் அந்தப் பெண்களுடைய சாட்சியத்துக்குக் கொடுத்தது ஒரு நோயின் பெயர்.

இதை வாசிக்கும்போது கிளினிக்கில் இருக்கும் எங்களுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். மாரடைப்பு வந்த பெண்கள் எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. மூச்சு வாங்குது, ஓங்காளிக்குது, நாரி நோகுது, இரண்டு நாளாகக் களைப்பு என்றுதான் பலர் சொல்வார்கள். கூட வந்த மகனோ கணவரோ முந்திக்கொண்டு, 'அவா எப்பவும் இப்படித்தான் டொக்டர், கனக்க யோசிக்கிறவா' என்பார். அந்த ஒரு வசனத்தை நம்பி ஈசீஜி எடுக்காமல் வாயுக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டால் என்ன நடக்கும் என்று இங்கே இருக்கும் தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் சொல்லத் தேவையில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குச் சாட்சி அந்த அம்மா ஒருவர்தான். அவாவை அலட்டுகிறா என்று தீர்மானித்த நிமிஷத்திலேயே நோயைக் கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது.

மரியாளுக்குப் பின்னாளில் நடந்தது இன்னும் மோசம். 591இல் திருத்தந்தை முதலாம் கிரகோரியார் செய்த ஒரு பிரசங்கம், அவளையும் லூக்கா 7இல் வரும் பெயரில்லாத பாவியான பெண்ணையும் ஒருவராக்கிவிட்டது. மேற்குலகில் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஓவியங்களில் அவள் அழுகிற பாவியாகவே இருந்தாள். ஆனால் மத்திய காலத்திலேயே அவளை 'அப்போஸ்தலருக்கு அப்போஸ்தலர்' என்று அழைத்தவர்களும் இருந்தார்கள். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவளுடைய நினைவுநாளான யூலை 22ஐ அப்போஸ்தலருடைய நாட்களுக்குச் சமமான திருவிழாவாக உயர்த்தினார்.

யூனியாவின் கதை வேறு விதம். ரோமர் நிருபம் 16ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில், பவுல் அன்றோனீக்கையும் யூனியாவையும் வாழ்த்துகிறார். தன்னோடு சிறையிருந்தவர்கள், தனக்கு முன்பே கிறிஸ்துவுக்குள் வந்தவர்கள், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்கிறார். யூனியா என்பது ரோமரிடையே சாதாரணமாக வழங்கிய பெண் பெயர். கல்வெட்டுகளில் நிறையக் கிடைக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம் தம் பிரசங்கத்தில், அப்போஸ்தலர் என்று எண்ணப்படும் அளவுக்கு இந்தப் பெண் எவ்வளவு பெரியவள் என்று வியந்தார். பெண்களைப் புகழ்வதில் அவ்வளவு தாராளமானவர் அல்லர் அவர். பிறகு 13ஆம் நூற்றாண்டளவில், ஒரு பெண் எப்படி அப்போஸ்தலராக முடியும் என்ற எண்ணத்தில் யூனியாவை 'யூனியாஸ்' என்ற ஆணாக வாசிக்கத் தொடங்கினார்கள். அப்படியொரு ஆண்பெயர் அந்தக் காலத்துக் கல்வெட்டு எதிலும் கிடைத்ததில்லை. என்றாலும் அறிஞர்கள் பயன்படுத்தும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927இல் ஆண்பெயராக அச்சிட்டது. அதைப் பெண்பெயராகத் திருத்தியது 1998இல்தான். இங்கே இருக்கும் எங்களில் பலர் அப்போது உயர்தர வகுப்பில்.

எங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் 'யூனியா' என்றே இருந்தது. ஆனால் தமிழின் 'அவர்கள்' ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. அதனால் நாங்களும் அத்தனை வருடம் வாசித்து, இரண்டு ஆண்கள் என்றே நினைத்துக் கடந்தோம். அந்த வசனத்தை 'அப்போஸ்தலருக்கு நன்கு தெரிந்தவர்கள்' என்று பெயர்க்க வேண்டும் என வாதிடும் அறிஞர்களும் உண்டு. கிரேக்கத்தைத் தாய்மொழியாகப் பேசிய கிறிசோஸ்தோம் விளங்கிக்கொண்டதையே நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

எங்கள் நாட்டிலும் இந்தச் சொல் வழங்குகிறது. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த யோசவ் வாஸ் அடிகளை இலங்கையின் அப்போஸ்தலர் என்கிறார்கள். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, உறவினரே கைவிட்டவர்களை எடுத்துப் பராமரித்தவர் அவர். 2015இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரை அப்படி ஒருவரும் அழைத்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க மிஷன் தன் பட்டியல்களில் மிஷனரிமாரின் மனைவியருக்குக் கொடுத்த பெயர் 'உதவி மிஷனரி'. எழுத்தறியாத பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்தவருக்கு உதவியாளர் என்று பெயர்!

இந்த மலருக்காக எங்கள் சங்கத்தின் பழைய பதிவேட்டைப் பிரதிபண்ணியபோது யூனியாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதற் பக்கங்களில் இருப்பவர்கள் பலரும் கணவருடைய பெயரால்தான் எழுதப்பட்டிருக்கிறார்கள். திருமதி இன்னார், கோலாலம்பூர். திருமதி இன்னார், நாவலப்பிட்டி. ஒருவர் ஆசிரியை, ஒருவர் மருத்துவமாது, ஒருவர் தாதி என்று தொழில் இருக்கிறது, ஊர் இருக்கிறது, சந்தா கட்டிய திகதியும் இருக்கிறது. இங்கிருந்து போன பிள்ளையின் பெயர் மட்டும் இல்லை.

அந்தப் பக்கங்களின் பிரதியை மண்டப வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் பேனையும் இருக்கிறது. உங்கள் அம்மா, அம்மம்மா, பெரியம்மா யாராவது அதில் இருந்தால், பள்ளிக்கூடத்தில் அவர்களைக் கூப்பிட்ட பெயரை எழுதிவிட்டுப் போங்கள். வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிப்பவர்கள் செயலாளருக்கு எழுதி அனுப்பலாம். எழுத்துப் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை; நாங்கள் விசாரித்துத் திருத்திக்கொள்வோம்.