செல்வாக்கு சரிந்தால் அதிபர் விலகிவிடுவாரா?



அமெரிக்க அதிபர் ஒருவரின் செல்வாக்கு நாற்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் போதும். 'தவணை முடியுமுன்பே விலகிவிடுவாரா?' என்ற கேள்வி உலகப் பத்திரிகைகளில் எழுந்துவிடும். தொலைக்காட்சியில் அரசியல் நோக்கர்கள் வரிசையாக வந்து ஆருடம் சொல்வார்கள். அடுத்த மாதம் இன்னும் இரண்டு புள்ளிகள் இறங்கினால், அந்த ஆருடமே செய்தியாகிவிடும். எந்த அதிபராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்தக் காட்சி மாறுவதில்லை.

ஆனால் வரலாறு என்ன சொல்கிறது? அமெரிக்காவில் பதவியைத் துறந்த அதிபர் ஒரே ஒருவர்தான். அவர் ரிச்சர்ட் நிக்சன். 1974 ஆகஸ்டில் அவர் விலகியபோது அவருக்கு இருந்த மக்கள் ஆதரவு 24 விழுக்காடு. அவருக்கு முன்பு, 1952 பிப்ரவரியில், அதிபர் ஹேரி ட்ரூமனின் ஆதரவு 22 விழுக்காட்டுக்கு இறங்கியது. ட்ரூமன் விலகவில்லை. 1953 ஜனவரி 20ஆம் நாள், தவணை முடிந்த பிறகுதான் வெள்ளை மாளிகையை விட்டுப் புறப்பட்டார்.

22 விழுக்காடு பெற்றவர் இருந்தார். 24 விழுக்காடு பெற்றவர் போனார். அப்படியானால் ஓர் அதிபரைப் பதவியிலிருந்து இறக்குவது இந்த எண் அல்ல. வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

எண் எதைச் சொல்கிறது?

இந்தக் கணிப்பைத் தொடங்கி வைத்தவர் ஜார்ஜ் கேலப். 1935இல் கருத்தாய்வுக் கழகம் ஒன்றை அவர் நிறுவினார். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் ஒரு பிரபல வார இதழ் இருபது லட்சத்துக்கும் அதிகமான அஞ்சல் அட்டைகளைத் திரட்டி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதியது. மிகக் குறைவான பேரிடம் கேட்ட கேலப், ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். ரூஸ்வெல்ட்தான் வென்றார். எத்தனை பேரிடம் கேட்டோம் என்பது முக்கியமல்ல, எல்லாத் தரப்பினரிடமும் கேட்டோமா என்பதே முக்கியம் என்று அன்று புரிந்தது.

அந்த நாள் முதல் கேட்கப்படும் கேள்வி மிக எளிமையானது. 'அதிபர் தம் பணியைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா, இல்லையா?' அவ்வளவுதான். 'அவர் விலக வேண்டுமா?' என்று அந்தக் கேள்வி கேட்பதில்லை. விலைவாசி மேல் கோபம் உள்ளவரும் 'இல்லை' என்பார். போரை வெறுப்பவரும் 'இல்லை' என்பார். அதிபர் தம் கொள்கையில் இன்னும் தீவிரம் காட்டவில்லையே என்று வருந்தும் சொந்தக் கட்சிக்காரரும் 'இல்லை' என்பார். உஷ்ணமானி காய்ச்சல் எவ்வளவு என்று காட்டும். நோய் என்ன என்று அதற்குத் தெரியாது.

ட்ரூமனின் கதை

ட்ரூமனுக்கு இந்த அனுபவம் இரண்டு முறை வாய்த்தது. ரூஸ்வெல்ட் இறந்ததும் 1945 ஏப்ரலில் அவர் அதிபரானார். சில வாரங்களில் அவருடைய ஆதரவு 87 விழுக்காடு. அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. போர் முடிந்த நாட்டில் வேலை நிறுத்தங்கள், இறைச்சித் தட்டுப்பாடு, விலையேற்றம். 1946 இலையுதிர் காலத்தில் ஆதரவு முப்பது விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. நவம்பர் தேர்தலில் நாடாளுமன்றத்தின் இரு சபைகளையும் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சி கைப்பற்றியது.

அப்போது ஒரு யோசனை எழுந்தது. அதைச் சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, ட்ரூமனின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஃபுல்பிரைட். அன்று துணை அதிபர் பதவி காலியாக இருந்தது. வெளியுறவு அமைச்சர்தான் அடுத்த வாரிசு. குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரை வெளியுறவு அமைச்சராக நியமித்துவிட்டு ட்ரூமன் விலகட்டும் என்றார் ஃபுல்பிரைட். மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள், அதற்கு அதிபர் தலைவணங்க வேண்டும் என்பது அவர் வாதம். ட்ரூமன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் செனட்டரின் பெயரில் உள்ள 'முழு' என்னும் பொருள் தரும் பகுதியை 'அரை' என்று மாற்றிக் கேலி செய்ததோடு சரி.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1948 தேர்தலில் அவர் தோற்பார் என்று கேலப் உட்பட அனைவரும் கணித்தார்கள். சிக்காகோ நாளிதழ் ஒன்று அவர் தோற்றுவிட்டதாகத் தலைப்புச் செய்தியே போட்டுவிட்டது. வெற்றி பெற்ற ட்ரூமன் அந்த நாளிதழைக் கையில் உயர்த்திப் பிடித்துச் சிரித்த படம் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. 1946இல் அவர் விலகியிருந்தால், ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டத்தில் அவர் கையெழுத்து இருந்திருக்காது.

இரண்டாவது சரிவு கொரியப் போரின்போது வந்தது. தளபதி மெக்கார்தரை 1951 ஏப்ரலில் பதவி நீக்கம் செய்ததும் நாடே கொதித்தது. 22 விழுக்காடு என்பது அதன் பிறகு வந்த எண். இம்முறை அவர் மீண்டும் போட்டியிடவில்லை என்று அறிவித்தார். ஆனால் தவணையை முடித்தே சென்றார். இன்று வரலாற்று ஆசிரியர்கள் அதிபர்களைத் தரவரிசைப்படுத்தும்போது ட்ரூமனை முதல் பத்துப் பேருக்குள் வைக்கிறார்கள்.

நிக்சன் ஏன் போனார்?

நிக்சனின் கதை வேறு. 1972 தேர்தலில் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதில் வென்றவர் அவர். 1973 ஜனவரியில் வியட்நாம் அமைதி உடன்பாடு கையெழுத்தானபோது அவருடைய ஆதரவு 67 விழுக்காடு. வாட்டர்கேட் விவகாரம் அதைக் கரைத்தது. தம்மை விசாரித்த தனி வழக்கறிஞரை அக்டோபரில் அவர் நீக்கியபோது ஆதரவு 27 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த அக்டோபர் முதல் அடுத்த ஆகஸ்டு வரை, ஒன்பது மாதங்களுக்கு மேல், அந்த எண் அதிகம் அசையவில்லை. இருபத்தைந்தைச் சுற்றியே நின்றது. அத்தனை மாதங்களும் நிக்சன் பதவியில்தான் இருந்தார். அவரை ஏற்காதவர்கள் பெரும்பான்மையாக இருந்தும், அவரை அகற்றியே ஆக வேண்டும் என்று தெளிவான பெரும்பான்மையினர் சொல்லத் தொடங்கியது 1974 ஆகஸ்டுத் தொடக்கத்தில்தான்.

அதற்குள் நடந்தவை என்ன? ஜூலை 24ஆம் நாள், ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஜூலை 27ஆம் நாள், பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு முதல் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. நிக்சனின் சொந்தக் கட்சி உறுப்பினர்கள் ஆறு பேர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஆகஸ்டு 5ஆம் நாள், விசாரணையைத் தடுக்க அவரே வழி சொன்னதைக் காட்டும் ஒலிநாடாவின் எழுத்துப்படி வெளியானது. அதுவரை அவர் பக்கம் நின்ற குழுவின் மற்ற பத்துப் பேரும் கைவிட்டார்கள்.

ஆகஸ்டு 7ஆம் நாள் மாலை மூன்று பேர் வெள்ளை மாளிகைக்கு வந்தார்கள். பேரி கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ். மூவரும் குடியரசுக் கட்சியின் மூத்த தலைவர்கள். நூறு பேர் கொண்ட செனட்டில் தப்பிப்பதற்கு 34 வாக்குகள் வேண்டும். ஏறக்குறைய பதினைந்து வாக்குகள்தான் தேறும் என்று சொன்னார்கள். மறுநாள் இரவு நிக்சன் தம் விலகலை அறிவித்தார். 9ஆம் நாள் பதவி துறந்தார்.

மக்கள் கைவிட்டு ஒன்பது மாதம் இருந்தவர், கட்சி கைவிட்டு இரண்டு நாள்கூட இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான சான்று பில் கிளிண்டன். 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அவர் மீது குற்றம் சாட்டியபோது அவருடைய ஆதரவு 73 விழுக்காடு. அவர் கட்சி அவரோடு நின்றது. 1999 பிப்ரவரியில் செனட் அவரை விடுவித்தது.

பிரதமரும் அதிபரும்

மலேசிய நேயர்களுக்கு ஒரு கேள்வி எழலாம். இங்கே நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை போனால் பிரதமர் போய்விடுகிறாரே! 2021 ஆகஸ்டில், கூட்டணிக் கட்சி உறுப்பினர்கள் சிலர் ஆதரவை மீட்டுக்கொண்டதும் டான் ஸ்ரீ முகைதீன் யாசின் பதவி விலகினார். பிரிட்டனில் 1990இல், மூன்று தேர்தல்களில் வென்ற மார்கரெட் தாட்சரைச் சொந்தக் கட்சி எம்.பி.க்களே இறக்கினார்கள்.

அந்த முறையில் பிரதமர் என்பவர் அவையின் நம்பிக்கையால் வாழ்பவர். அமெரிக்க அதிபர் அப்படியல்ல. நான்கு ஆண்டுத் தவணை அவருக்கு அரசமைப்புச் சட்டம் தந்தது. அங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கிடையாது. குற்றம் செய்தார் என்று செனட்டில் மூன்றில் இரு பங்கினர் தீர்மானித்தால் அகற்றலாம். செயல்பட இயலாத நிலை என்றால், 1967இல் நடப்புக்கு வந்த இருபத்தைந்தாவது திருத்தத்தின்படி பொறுப்பைத் துணை அதிபருக்கு மாற்றலாம். 'மக்களுக்குப் பிடிக்கவில்லை' என்பது இரண்டிலும் காரணமாகச் சொல்லப்படவில்லை. ஈராக் போர், சூறாவளி நிவாரணக் குளறுபடி, நிதி நெருக்கடி எல்லாம் சேர்ந்து 2008 அக்டோபரில் ஜார்ஜ் புஷ்ஷின் ஆதரவை 25 விழுக்காட்டுக்கு இறக்கின. 2001 செப்டம்பரில் அவருக்கு 90 விழுக்காடு இருந்தது. அவரும் 2009 ஜனவரி வரை இருந்துவிட்டே போனார்.

அப்படியென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. தேர்தல் நெருங்கும்போது அதற்குப் பல் முளைக்கிறது. 1968 மார்ச்சில் லிண்டன் ஜான்சனின் ஆதரவு 36 விழுக்காடு. வியட்நாம் போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி நியூ ஹாம்ப்ஷியர் முன்தேர்தலில் 42 விழுக்காடு வாக்கு பெற்றார். அம்மாத இறுதியில், மீண்டும் போட்டியில்லை என்று ஜான்சன் அறிவித்தார். 2024 ஜூனில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் ஜோ பைடன் தடுமாறினார். ஜூலை கணிப்பில் அவருக்கும் 36 விழுக்காடுதான். கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கியதும் ஜூலை 21ஆம் நாள் அவர் போட்டியிலிருந்து விலகினார். இருவருமே போட்டியைத்தான் விட்டார்கள், பதவியை அல்ல. ஜான்சன் 1969 ஜனவரி வரையும் பைடன் 2025 ஜனவரி வரையும் அதிபர்களாகவே இருந்தார்கள்.

இந்த முறையில் ஒரு விலை இருக்கிறது. மக்கள் வெறுக்கும் ஓர் அதிபரை அவர்கள் ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதிபர் கையொப்பமிடும் ஓர் ஆணையால் தொலைதூர நாட்டில் போர் மூளலாம், மலேசியத் தொழிற்சாலையின் ஏற்றுமதி நின்றுபோகலாம். அது சிறிய விலையல்ல. மாதாமாதம் வரும் கணிப்பைப் பார்த்து அதிபர்கள் மாறினால், கசப்பான முடிவை எடுக்க எந்த அதிபரும் துணியமாட்டார். 1946இல் விலகாத ட்ரூமன் முதல் வகைக்கு மட்டுமல்ல, இரண்டாம் வகைக்கும் சான்று.

ஆகவே நேயர்களே, 'அதிபர் விலகுவாரா?' என்ற தலைப்பை அடுத்த முறை காணும்போது விழுக்காட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். மூன்று செய்திகளைத் தேடுங்கள். நீதிமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ சட்டப்படி ஏதாவது நகர்கிறதா? அடுத்த தேர்தலில் அவர் நிற்க வேண்டியவரா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய சொந்தக் கட்சியின் மூத்தவர்கள் என்ன பேசுகிறார்கள்? எதிரிகளின் கூச்சல் எந்த அதிபரையும் இறக்கியதில்லை. ஒரு நாள் மாலை சொந்த வீட்டு மனிதர்கள் மூவர் வந்து கதவைத் தட்டும்போதுதான் அந்த நாற்காலி ஆடுகிறது.