எந்த வாசல் வழியாக நுழைகிறோம்?

(பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான வாரத்தில், ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு.)



தேர்வு முடிவு வந்துவிட்டது. ஆலையில் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி நின்ற தொழிலாளியின் மகன் தேறியிருக்கிறான். நாற்றுப் பறித்து, நடவு நட்டு முதுகு ஒடிந்த தாயின் மகள் தேறியிருக்கிறாள். நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் அன்று இரவே வீட்டில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: "காலேஜுக்குப் பணம்?"

இந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் வழக்கமாக மூன்று பதில்கள் உண்டு. ஒன்று, காதில் கழுத்தில் இருப்பதை அடகு வைப்பது. இரண்டு, கந்து வட்டிக்காரன் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவது. மூன்று, "படித்தது போதும், வேலைக்குப் போ" என்று பிள்ளையிடம் சொல்வது. நான்காவது பதில் ஒன்றும் இருக்கிறது. அது சட்டத்திலும் சர்க்கார் உத்தரவுகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. நம்மில் பலருக்கு அது எட்டவில்லை. எட்டும்போது காலம் கடந்துவிடுகிறது. ஆகவேதான் இன்று இங்கே கூடியிருக்கிறோம்.

தர்மம் அல்ல, பாத்தியதை

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் பதிய வைத்துக்கொள்வோம். உபகாரச் சம்பளம் என்று முன்னாளில் சொன்னார்கள். இப்போது உதவித்தொகை என்கிறார்கள். பெயரில் உபகாரம் இருந்தாலும் இது யாருடைய உபகாரமும் அல்ல. நாம் வாங்கும் சோப்புக் கட்டியிலும் பிள்ளைக்கு வாங்கும் பேனாவிலும் வரி இருக்கிறது. நூற்கும் நூலிலும் விளைவிக்கும் நெல்லிலும் நம் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பிலிருந்து திரண்ட பணத்தில் ஒரு சிறு பங்கு நம் பிள்ளைக்குத் திரும்பி வருகிறது. அதைக் கேட்பதற்கு நாம் கூனிக் குறுக வேண்டியதில்லை.

ஆதிதிராவிட மாணவர்கள் பள்ளிப் படிப்புக்கு மேலே படிக்க மத்திய சர்க்கார் தரும் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலம் அது. கேட்டு, வாதாடி, வாங்கியவை இந்த உரிமைகள். தூங்கினால் கை நழுவிப் போகும் உரிமைகளும் இவைதான்.

வாசல் இரண்டு

இன்று நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இது: உதவித்தொகை கிடைக்குமா, கிடைக்காதா என்பது பெரும்பாலும் கல்லூரியில் சேரும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

கல்லூரிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று கலந்தாய்வு வாசல். மதிப்பெண் வரிசைப்படி, இட ஒதுக்கீட்டு விதிப்படி, சர்க்கார் இடம் ஒதுக்கும் வழி. மற்றொன்று நிர்வாக ஒதுக்கீடு என்ற வாசல். அங்கே கல்லூரி முதலாளி நேரே பேரம் பேசுகிறான். ஊருக்குள் தரகன் ஒருவன் வருகிறான். "கலந்தாய்வுக்கு ஏன் காத்திருக்கிறீர்கள்? இன்றே பத்தாயிரம் கட்டுங்கள், சீட்டு உறுதி. உதவித்தொகையெல்லாம் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்கிறான். நம் ஆள் நம்பிப் பணத்தைக் கொடுத்து விடுகிறார்.

பிறகு என்ன ஆகிறது? ஆதிதிராவிட மாணவர் உதவித்தொகைக்கு 2021இல் வந்த மத்திய விதி பச்சையாகச் சொல்கிறது: தகுதி வரிசை பாராமல் நிர்வாக ஒதுக்கீட்டில் நிரப்பப்படும் இடங்களுக்கு இந்தப் பணம் கிடையாது. முதல் பட்டதாரிச் சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவருக்குத்தான். சர்க்கார் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படியே. கல்லூரி ஒன்று, வகுப்பறை ஒன்று, பாடமும் ஒன்று. ஒரு பிள்ளைக்குச் சர்க்கார் பணம் கட்டுகிறது. பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு அப்பனின் போனஸும் பாட்டியின் கம்மலும் பணம் கட்டுகின்றன. காரணம், நுழைந்த வாசல்.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "இது கலந்தாய்வு இடமா, நிர்வாக இடமா? எழுத்தில் கொடுங்கள்." எழுத்தில் கொடுக்க மறுத்தால் அங்கே பணத்தை வைக்காதீர்கள். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்று வாங்குவது 1992ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

அவசரப்பட்டுச் சேர்ந்து, பிறகு வேறு நல்ல இடம் கிடைத்தால்? பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி வகுத்தது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே விலகினால், சிறு பிடித்தம் போகக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். நாள் ஆக ஆகத் திரும்பும் பணம் குறையும். பிள்ளையின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதிதான். சரிபார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

நமக்கு என்னென்ன உண்டு?

ஆதிதிராவிட மாணவருக்கு, 2021 விதிப்படி, பெற்றோரின் வருஷ வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால், திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணமும் அதற்கு மேல் ஒரு படியும் உண்டு. சாதாரணப் பட்டப் படிப்பு என்றால் வீட்டிலிருந்து போய் வருகிறவருக்கு வருஷத்துக்கு 3,000 ரூபாய், விடுதியில் தங்குகிறவருக்கு 6,000 ரூபாய். தொழிற்படிப்பு என்றால் கூடுதல்.

இந்த 2.5 லட்சத்தைக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். மாதம் சுமார் 20,800 ரூபாய். புருஷன் ஆலையில், பெண்சாதி தையற்கூடத்தில் என்று இருவரும் உழைத்தால் வரம்பு தாண்டிவிடுகிறது. 2013இல் வைத்த வரம்பு இது. 2021 விதியிலும் அதை அப்படியே வைத்தார்கள். இந்த எட்டு வருஷத்தில் அரிசி விலை அப்படியே நின்றதா? பஸ் கட்டணம் நின்றதா? வரம்பை உயர்த்தக் கோருவது நியாயமான கோரிக்கை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இவற்றுக்கு வருமான வரம்பு வைக்கவில்லை. வேறு உதவித்தொகை வாங்குகிறவரும் பெறலாம் என்பதே விதி. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும் பணம் இது.

7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் மருத்துவப் படிப்புக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கு 2021இலும் வந்தது. இதில் இடம் பெற்றவரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கும் என்று 2021இல் அறிவித்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளி என்பதே நிபந்தனை. ஊரார் மெச்ச வேண்டுமென்று நடுவில் இரண்டு வருஷம் கட்டணப் பள்ளிக்கு அனுப்பினால் இந்த உரிமை போய்விடும். சிறு பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்றே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. 2010ஆம் வருஷம் தொடங்கிய இந்தச் சலுகையில் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் வருஷத்துக்கு 25,000 ரூபாய் வரை கட்டணம் குறைகிறது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டுமே. ஆகவே எந்தப் பிள்ளைக்கு இதைக் கேட்பது என்று வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.

இனி, நம் தொழிலை ஒட்டி வரும் உரிமைகள். விவசாயத் தொழிலாளருக்கும் சிறு விவசாயிக்கும் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளைகளின் படிப்புக்குத் தொகை உண்டு. அட்டை வாங்கியிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஆலைத் தொழிலாளிக்குத் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம் கல்வி உதவி தருகிறது. வருஷத்துக்கு ஒரு முறை டிசம்பர் சம்பளத்தில் சிறு தொகை பிடிக்கிறார்களே, அது இதற்காகத்தான். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிடித்தம் இல்லையென்றால் ஏன் இல்லையென்று நிர்வாகத்தைக் கேளுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் துறையின் உதவி தனியாக இருக்கிறது. கட்டடத் தொழிலாளிக்கும் மற்ற உடலுழைப்புத் தொழிலாளிக்கும் அவரவர் நல வாரியம் இருக்கிறது.

கடன் கடன்தான்

இவையெல்லாம் போக இன்னும் பணம் வேண்டியிருந்தால் வங்கிக் கல்விக் கடன் உண்டு. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை.

ஆனால் தவணை நிற்கிறதே தவிர வட்டி நிற்பதில்லை. ஒரு கணக்குப் போடுவோம். வருஷத்துக்கு ஒரு லட்சமாக நான்கு வருஷம் வாங்குகிறோம். வட்டி நூற்றுக்கு வருஷம் பத்து என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000. இரண்டாவதற்கு 40,000. மூன்றாவதற்கு 30,000. நான்காவதற்கு 20,000. ஆக வட்டி மட்டும் 1,40,000 ரூபாய். நான்கு லட்சம் வாங்கிய பிள்ளை ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் கடனோடுதான் வேலை தேடப் புறப்படுகிறது.

இந்த இடைக்கால வட்டியை மத்திய சர்க்காரே கட்டும் திட்டம் ஒன்று 2009இல் வந்தது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் தொழிற்படிப்பு படிக்க வேண்டும். வங்கியில் வருமானச் சான்றைக் கொடுத்துக் கேட்டால்தான் இது கிடைக்கும். கேட்காதவர் கணக்கில் வட்டி ஏறிக்கொண்டே போகும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அன்றே இதைக் கேளுங்கள்.

கந்து வட்டிக்காரனோடு ஒப்பிட்டால் வங்கி மேல். அவன் மாதத்துக்கே நூற்றுக்குப் பத்து கேட்கிறான். ஒரு லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம்! அது ஆலைச் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். 2003ஆம் வருஷத்துக் கந்து வட்டித் தடைச் சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. ஆயினும் உதவித்தொகை முதலில், கடன் கடைசியில், இதுதான் வரிசை.

காகிதங்களும் தேதிகளும்

இந்த உரிமைகள் பல கைவிட்டுப் போவது தகுதி இல்லாமையால் அல்ல, காகிதம் இல்லாமையால். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். வருஷந்தோறும் புதிதாக வாங்க வேண்டும். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். அதை ஆதாருடன் இணைத்திருக்க வேண்டும். பள்ளிச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று எழுத்து மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள். அந்த ஓர் எழுத்துக்காகப் பணம் வருஷக்கணக்கில் நின்றுவிடும்.

முதல் வருஷம் வாங்கியாயிற்று, இனி தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். ஆதிதிராவிடர் உதவித்தொகைக்கு வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டும். தொகைகளும் தேதிகளும் மாறுகிறவை. அந்தந்த வருஷத்து உத்தரவைக் கல்லூரி அலுவலகத்திலும் நலத்துறை அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தகப்பன் தனியாகப் போய் நின்றால் "நாளை வா" என்கிறார்கள். ஐம்பது பேர் மனுவோடு போனால் நாற்காலி போடுகிறார்கள். கூலி உயர்வில் நாம் கண்ட பாடம் இங்கேயும் பொருந்தும்.

ஒவ்வொரு கிளையிலும் படித்த வாலிபர் இருவரை இந்த வேலைக்கு நியமிப்போம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பட்டியலை எடுப்போம். யாருக்கு எது உண்டு, எந்தச் சான்று இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுவோம். விண்ணப்பங்களைச் சேர்ந்தே போடுவோம். ஒப்புகைச் சீட்டை வாங்கி வைப்போம். பணம் வராவிட்டால் அந்தச் சீட்டுகளோடு நலத்துறை அலுவலகத்துக்குச் சேர்ந்தே போவோம்.

கேட்க வேண்டிய கோரிக்கைகளும் தெளிவாக இருக்கின்றன. கல்லூரி கட்டணம் கேட்கும் மாதத்துக்கு முன்பே உதவித்தொகை வந்து சேர வேண்டும். பணம் தாமதமானால் அதற்காகப் பிள்ளையைத் தேர்வெழுத விடாமல் நிறுத்தக் கூடாது. வருமான வரம்பை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். சர்க்கார் கல்லூரிகளும் விடுதிகளும் பெருக வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். தேசிய வருமானத்தில் ஆறு சதவீதம் கல்விக்குச் செலவாக வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966இல் சொல்லிற்று. 2020ஆம் வருஷத்துக் கல்விக் கொள்கையும் அதே ஆறைத் திரும்பச் சொன்னது. சொன்னதைச் செய்யுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை.

தோழர்களே! இந்த வாரம் தரகன் உங்கள் தெருவுக்கு வருவான். இனிக்க இனிக்கப் பேசுவான். அவன் வருமுன் நாம் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியிருக்க வேண்டும். பட்டியல் எடுக்கும் வேலை நாளைக் காலை முதல் ஷிப்ட் முடிந்ததும் தொடங்கட்டும்.