மூன்றாம் முறை குறைந்த எடை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பாடசாலையில் படித்த காலத்தில் நான் வலைப்பந்தாட்டக் குழுவில் இருந்தேன். காலையும் மாலையும் சைக்கிள் ஓட்டம். என் எடை என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பின்னர் தாதியாக 32 ஆண்டுகள் கடமையாற்றினேன். நீரிழிவுக் கிளினிக்குக்கு வருபவர்களிடம் “அம்மா, நிறையைக் குறைக்க வேணும்” என்று நாளாந்தம் சொன்ன என்னுடைய நிறையோ 79 கிலோ. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். நீரிழிவினால் என் தாயார் இரண்டு கால்விரல்களை இழந்தார். அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டியதும் நான்தான். அப்படியிருந்தும், 52 வயதில் என் இரத்தத்தில் சீனி கூடத் தொடங்கிவிட்டது என்று அறிக்கை வந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அதற்கு முன்னர் இரண்டு தடவை எடையைக் குறைத்திருக்கிறேன். மகளின் திருமணத்துக்காக இரவுச் சாப்பாட்டை முற்றாக நிறுத்தி ஆறு கிலோ குறைத்தேன். ஓராண்டுக்குள் எட்டுக் கிலோ ஏறியது. மனவுறுதி இல்லாதவள் என்று என்னையே நொந்துகொண்டேன். உண்மையில், எடை குறைந்த உடலுக்கு முன்னரைவிடக் குறைந்த சக்தியே போதும். பசியோ முன்னரைவிடக் கூடுகிறது. ஆகவே பத்தியம் நின்றதும் எடை திரும்பிவிடுகிறது. மூன்றாம் முறை ஒரு முடிவு எடுத்தேன்: ஆயுள் முழுவதும் செய்யக்கூடியதை மட்டுமே செய்வது.

முதலாவது, தேநீர். ஒரு நாளைக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம் என்றால், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சீனியைத் தேநீரிலேயே குடித்திருக்கிறேன்! இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தேன். நாக்கு பழகிவிட்டது. இன்று சீனி போட்ட தேநீரை என்னால் குடிக்க முடியாது.

இரண்டாவது, சாப்பாட்டுக் கோப்பை. சோற்றை விடவில்லை, புட்டையும் விடவில்லை. வைக்கும் ஒழுங்கைத்தான் மாற்றினேன். முதலில் கோப்பையின் பாதிக்கு வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி வறை, மரக்கறி. பிறகு மீன் அல்லது பருப்பு. மிச்சமுள்ள கால்வாசிக்கே சோறு.

மூன்றாவது, மிச்சச் சாப்பாடு. இதை எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அறிவர். பிள்ளைகள் விட்டதையும் சட்டியில் கிடந்ததையும் “வீணாகக் கொட்டுவதா?” என்று நாங்களே சாப்பிட்டு முடிப்போம். இப்போது அது குளிர்சாதனப் பெட்டிக்குப் போகிறது. அடுத்த நாள் சமையல் அந்த அளவுக்குக் குறைகிறது.

நான்காவது, நடை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். தனியே றோட்டில் நடக்க முதலில் கூச்சமாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டேன். நான் சோம்பியிருக்கும் நாளில் அவர் படலையில் நின்று கூப்பிடுவார்.

ஐந்தாவது, ஞாயிறு காலையில் நிறை பார்ப்பது. இரண்டு கிலோ ஏறினால், பத்துக் கிலோ ஏறும்வரை காத்திராமல் அந்த வாரமே கவனிக்கிறேன்.

14 மாதங்களில் 11 கிலோ குறைந்தது. ஏழு ஆண்டுகளாக 68க்கும் 70க்கும் இடையில் நிற்கிறேன். உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே ஆசியருக்கு ஆபத்துக் கூடத் தொடங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்குப்படி நான் இன்னும் பருமன்தான். ஆனாலும் மனம் தளரவில்லை. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவு வரும் ஆபத்திலிருந்தவர்களுக்கு எடையில் 7 வீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியுமே இலக்காக வைக்கப்பட்டன. அவர்களிடையே நீரிழிவு தோன்றுவது 58 வீதத்தால் குறைந்தது. 79 கிலோவில் 7 வீதம் ஐந்தரைக் கிலோதான். என் இரத்தச் சீனியும் எல்லைக்குள் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உணவைக் குறைக்க வேண்டாம். சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். எங்கள் கூட்டங்களில் ரோல்ஸும் கேக்கும் இனிப்புத் தேநீரும் அன்பாகவே பரிமாறப்படுகின்றன. வேண்டாம் என்றால் மனம் நோகும் என்று நாங்களும் சாப்பிடுகிறோம். இனிமேல் சீனியை வேறாக வையுங்கள். கேக்குக்குப் பக்கத்தில் பப்பாசித் துண்டுகளும் இருக்கட்டும். “இன்னும் ஒன்று எடுங்கோ” என்று ஒரு தரம் கேட்டால் போதும், மூன்று தரம் வற்புறுத்த வேண்டாம்.

அன்று இந்த மைதானத்தில் ஓடிய கால்கள் இவை. இன்னும் நெடுங்காலம் இவற்றாலேயே நடந்து இங்கே வருவோம்.