ஏழு முழம் வழி விடுவோம்

(நமது அறக்கட்டளையின் மஹல்லா நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி எல்லாவற்றுக்கும் கணக்கு வாசித்தாகிவிட்டது. அடுத்து நான் பேசப்போவது தெருவில் வண்டி நிறுத்துவது பற்றி. "இதுக்கு ஒரு கூட்டமா பாய்? இது நகராட்சி வேலை, போலீஸ் வேலை" என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். போன ரமளான் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த ரமளானின் இரண்டாவது ஜும்ஆ. பள்ளிவாசல் நிறைந்து மாடியும் நிறைந்துவிட்டது. தெருவின் இரண்டு பக்கமும் கார்கள், அவற்றின் இடுக்கில் பைக்குகள். குத்பா நடந்துகொண்டிருக்கும்போது, பள்ளிக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு இந்துக் குடும்பத்தின் வயதான அம்மாவுக்கு நெஞ்சுவலி. 108 வண்டி தெருமுனை வரை வந்து நின்றுவிட்டது. மேலே வர வழியில்லை. தொழுகை முடிந்து நாங்கள் வெளியே வருவதற்குள், வாசலில் நின்ற நம் பையன்கள் நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைக் கையில் தூக்கிக்கொண்டு, கார்களுக்கு நடுவே சாய்த்துச் சாய்த்து முனை வரை கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

வழியை அடைத்து நின்ற வண்டிகளில் மூன்றாவது வண்டி என்னுடையது. நான் முதல் ஸஃப்பில் உட்கார்ந்திருந்தேன். நான்கு நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாவின் மகன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "பரவாயில்லை பாய், உங்களுக்கு நோன்பு நேரம்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று இரவு நான் மதரஸாவில் ஓதிய பழைய பாடங்களைத் தேடி எடுத்தேன். கார் இல்லாத காலத்து மார்க்க நூல்களில் வண்டி நிறுத்துவது பற்றி என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் திறந்தேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1111ஆம் ஆண்டு வஃபாத்தானவர்கள். அவர்களுடைய இஹ்யாவில் தெருக்களில் நடக்கும் தீமைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. வழி நெருக்கடியாகும்படி பிராணிகளைத் தெருவில் கட்டிப்போடுவது தடுக்கப்பட வேண்டிய தீமை என்று அதில் சொல்கிறார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எவ்வளவு நேரம் தேவையோ அந்த அளவுக்கு மட்டும் அனுமதி. விறகுச் சுமையை வாசலில் இறக்கலாம், ஆனால் அதை வீட்டுக்குள் எடுத்துப்போகும் நேரம் வரைதான். காரணமும் சொல்லியிருக்கிறார்கள். தெருவின் பயன் எல்லோருக்கும் பொது, தேவைக்கு மேல் ஒருவர் அதைத் தனக்கென்று பிடித்துக்கொள்ள உரிமையில்லை. ஒட்டகம், கழுதை என்ற இடத்தில் கார், பைக் என்று போட்டுப் பாருங்கள். இன்றைய போக்குவரத்துப் பலகை சொல்வதும் இதைத்தான்.

இதற்கு அடிப்படை நபி (ஸல்) அவர்களின் போதனைதான். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நம் பிள்ளைகளே சொல்வார்கள். மக்தபிலேயே படித்துவிடுகிறார்கள். முள்ளை அகற்றினால் நன்மை என்றால், ஒரு டன் எடையுள்ள தொல்லையைக் கொண்டுவந்து வைப்பதற்கு என்ன பெயர்?

அபூதாவூதில் ஒரு செய்தி வருகிறது. ஒரு படைப் பயணத்தில் மக்கள் தங்குமிடத்தை நெருக்கியடித்து வழியையும் அடைத்துவிட்டார்கள். நபியவர்கள் ஒருவரை அனுப்பி, இடத்தை நெருக்கியவருக்கும் வழியை மறித்தவருக்கும் அந்தப் புறப்பாட்டின் நன்மை கிடையாது என்று அறிவிக்கச் செய்தார்கள். அவர்கள் போனது அல்லாஹ்வின் பாதையில்தான். அப்படிப்பட்டவர்களுக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஜும்ஆவுக்கு வருகிற நாம் சற்று யோசிக்க வேண்டும்.

இன்னொரு ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பாதையின் அகலத்தில் கருத்து வேறுபாடு வந்தால் ஏழு முழம் விடுங்கள் என்பது அதன் கருத்து. சுமையேற்றிய பிராணிகள் வரவும் போகவும் அந்த அளவு போதும் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். பூக்காரம்மா அளக்கிற முழத்தை ஒன்றரை அடி என்று வைத்துக்கொண்டால், ஏழு முழம் பத்தரை அடி.

நம் பள்ளிவாசல் தெருவை நாங்கள் டேப் வைத்து அளந்தோம். சாக்கடை மூடி நீங்கலாக 18 அடி. ஒரு காருக்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி அகலம். சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிறுத்தினால் ஆறேகால் அடி போகும். இரண்டு பக்கமும் நிறுத்தினால் நடுவில் மிஞ்சுவது ஐந்தரை அடி. ஆம்புலன்ஸுக்கு ஆறரை அடிக்கு மேல் வேண்டும், தீயணைப்பு வண்டிக்கு ஏறக்குறைய எட்டு அடி. ஆகவே இரண்டு பக்கமும் நிறுத்தியிருக்கும்போது அந்தத் தெருவில் தீப்பிடித்தால் அணைக்க வண்டி வராது. ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் பதினொன்றே முக்கால் அடி மிஞ்சுகிறது. ஏழு முழம் போக ஒன்றேகால் அடி உபரி! நபியவர்கள் சொன்ன அளவு இந்தத் தெருவுக்கு இன்றும் பொருந்துவதைப் பார்த்து அளந்த இளைஞர்களே வியந்துபோனார்கள்.

சட்டமும் வேறு சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ ஏற்படும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுப்போகக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 2019இல் திருத்தம் வந்தது. ஓடுகிற வண்டி வழிவிடாததற்கே இவ்வளவு என்றால், ஆளில்லாமல் பூட்டிவிட்டுப் போன வண்டியை எதில் சேர்ப்பது?

அடுத்து வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம். "வாடிக்கையாளருக்கு வண்டி நிறுத்த இடமில்லை, வியாபாரம் படுத்துவிட்டது" என்று நீங்கள் சொல்வது உண்மைதான். நான் ஒரு வாரம் காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பஜார் வழியாக நடந்து பார்த்தேன். கடைகளின் முன்னால் காலையில் நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் மாலையிலும் அதே இடத்தில் நின்றன. அவை யாருடையவை? கடைக்காரருடையவை, கடைப் பையன்களுடையவை. மீதியில் பல, காலையில் நிறுத்திவிட்டு ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களுடையவை.

இது செங்கல்பட்டுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. உலகத்தின் முதல் பார்க்கிங் மீட்டரை 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் வைத்தார்கள். கடைவீதியில் வேலை செய்கிறவர்களே காலையில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட, பொருள் வாங்க வருகிறவருக்கு இடமில்லாமல் போனதுதான் அதற்குக் காரணம். மணிக்கு ஐந்து சென்ட் என்று வைத்தவுடன் நாள் முழுக்க நின்ற வண்டிகள் நகர்ந்தன. நமக்கு மீட்டர் இல்லை. ஆனால் ஒரு கடைக்காரர் தன் பைக்கை இருநூறு அடி தள்ளி நிறுத்தினால், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வாடிக்கையாளர் அந்த இடத்தில் வந்து போகலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தள்ளுவண்டியில் பழம் விற்கிறவரை, "வழியை அடைக்கிறாய்" என்று நாம் விரட்டுகிறோம். அவருடைய வண்டி பிடிக்கிற இடத்தைவிட நம் கார் பிடிக்கிற இடம் இரண்டு மூன்று மடங்கு. அவர் அந்த இடத்தில் அன்றைய அரிசிக்குச் சம்பாதிக்கிறார். நம் கார் சும்மா நிற்கிறது. முதலில் நகர வேண்டியது யார் என்று நீதியோடு முடிவு செய்யுங்கள்.

வீட்டு வாசலில் கல், உடைந்த நாற்காலி, பூந்தொட்டி வைத்து இடம் பிடிக்கும் பழக்கமும் பெருகிவிட்டது. வாசற்படி நம்முடையது, தெரு நம்முடையது அல்ல. ஜப்பானில் 1962இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கார் வைத்திருப்பவர் அதை நிறுத்தத் தெருவுக்கு வெளியே இடம் வைத்திருக்க வேண்டும், அதற்குச் சான்றும் காட்ட வேண்டும். நம் நாடு முழுவதற்கும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் மாதத் தவணை எவ்வளவு என்று கணக்குப் போடுகிற நாம், வண்டியை எங்கே நிறுத்துவோம் என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம் அல்லவா?

வெளியூர் போனாலும் இதே ஒழுக்கம் வேண்டும். பெருநாள் மாலையில் குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிறோம், வியாழன் வெள்ளியில் கோவளம் தர்காவுக்குப் போகிறோம். அங்கேயும் மீனவர்களும் சிறு வியாபாரிகளும் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நம் வேன் நின்றால் அவர்களுக்கும் அது தொல்லைதான். ஊருக்கு வெளியே நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு நடந்து போவோம். சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கி வண்டிக்கான இடத்தைக் குறைத்தார்கள். பக்கத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தமும் கட்டினார்கள். பெருநாள் துணி எடுக்கப் போகும் நாமே இன்று அங்கே பிள்ளையைப் பயமில்லாமல் நடக்க விடுகிறோம்.

இனி அறக்கட்டளை முடிவு செய்திருப்பவை:

ஒன்று, நகராட்சியிடமும் போக்குவரத்துக் காவலரிடமும் மனுக் கொடுத்து, பள்ளிவாசல் தெருவில் ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்தக் கோடு போடக் கேட்கிறோம். நாமாகக் கோடோ சங்கிலியோ போடப்போவதில்லை.

இரண்டு, வெள்ளிக்கிழமைகளில் இளைஞர்கள் ஆறு பேர் முறை வைத்துத் தெருமுனைகளில் நின்று வழிகாட்டுவார்கள். அவர்களிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். நிற்பவர் உங்கள் பிள்ளைதான்.

மூன்று, வண்டிக் கண்ணாடியில் வைக்க, உங்கள் கைப்பேசி எண் எழுதும் அட்டையை அலுவலகத்தில் இலவசமாகத் தருகிறோம். தொழுகை நேரத்தில் போன் மௌனமாக இருக்கும் என்பதால், சாவியை வாசலில் நிற்கும் பொறுப்பாளரிடம் அடையாளச் சீட்டு வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்.

நான்கு, நம் மண்டபத்தில் நிக்காஹ் வைக்கிறவர்கள், வண்டி நிறுத்தும் இடத்தை அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும்.

ஐந்து, அரைக் கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் ஜும்ஆவுக்கு நடந்து வாருங்கள். பள்ளியை நோக்கி வைக்கும் ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை என்று தெரிந்தும் அதை ஏன் பெட்ரோல் செலவழித்து இழக்க வேண்டும்? நடக்க முடியாத முதியவர்களையும் மாற்றுத் திறனாளிகளையும் வாசலில் இறக்கிவிடுங்கள். ஏறவும் இறங்கவும் இமாம் கஸ்ஸாலி அவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள்.

தாய்மார்களே, வீட்டில் இதை நினைவூட்டும் பொறுப்பு உங்களுடையது. "வண்டியை எங்கே விட்டீங்க?" என்று கேளுங்கள்.

அல்லாஹ்வுக்குச் செய்யும் கடமையில் குறை வைத்தால் அவனிடம் அழுது மன்னிப்புக் கேட்கலாம். அடியாரின் உரிமையில் குறை வைத்தால் அந்த அடியாரிடம்தான் போக வேண்டும். நான் போய்விட்டு வந்தேன். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பத்து நிமிடம் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. இத்தனைக்கும் அந்த அம்மா உயிரோடு, உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லாமல் போயிருந்தால் நான் யாரிடம் போயிருப்பேன்?

அந்த நிலைமை நம்மில் யாருக்கும் வராமல் வல்ல ரஹ்மான் காப்பானாக. நம்முடைய வணக்கம் எவருடைய வழியையும் அடைக்காத வணக்கமாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.