தொழிலாளி சொன்னால் கேட்கிறோமா?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டேன். முன்னால் என்றார். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பழைய இரும்பை உருக்கும் ஆலைகள் அங்கே உண்டு. அப்படி ஒன்றில் சில வருஷம் ஷிப்ட் இன்ஜினீயராக இருந்தேன். ஃபர்னேஸில் உருகிய எஃகு 1,600 டிகிரியில் கொதிக்கும். இரண்டு முனையும் நசுங்கி மூடிய ஒரு குழாய், உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரோடு அதில் விழுந்தால் போதும். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். போக வழி இல்லாமல் வெடிக்கும். உருகிய இரும்பு மேடையில் நிற்பவர் மேல் தெறிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ ஸ்கிராப் யார்டு முழுக்க நனைந்து கிடக்கும்.

அப்படி ஒரு மழை நாளில், ஒடிசாவிலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் ஒரு குழாயைத் தூக்கிவந்து என் காதருகே ஆட்டினார். சளக் சளக் என்றது. "சார், அந்தர் பானி" என்றார். மூடிய குழாய்களைத் தனியே ஒதுக்கி, ஷியரிங் மிஷினில் இரண்டாக வெட்டி, கூரைக்கு அடியில் ஒரு நாள் வடியவிட்டுப் போடலாம் என்று பாதி இந்தி, பாதி சைகையில் சொன்னார்.

"பார்க்கலாம், யோசனைப் பெட்டியில எழுதிப் போடுங்க" என்றேன். அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது என்று எனக்கும் தெரியாது.

மூன்றே வாரத்தில் வெடித்தது. உயிர் போகவில்லை. ஃபர்னேஸ் ஆப்பரேட்டருக்கு முழங்கை வரை தீக்காயம். இரண்டு நாளில் அவர் சொன்னதை அப்படியே செய்தோம். "யாருடைய ஐடியா?" என்று மேனேஜர் கேட்டபோது, "நம்ம ஷிப்ட் டீம் சார்" என்றேன். பரிசுப் பட்டியலில் நிரந்தரத் தொழிலாளர் பெயர் மட்டுமே போகும். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தன்று சூப்பர்வைசர் மேடையேறி பிரஷர் குக்கர் வாங்கிக்கொண்டார். அந்த ஒடிசாக்காரர் பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் எந்தக் குழாயையும் என்னிடம் ஆட்டிக் காட்டியதில்லை.

தொழிலாளியின் யோசனைக்குப் பரிசு என்பது புதிதா? ஸ்காட்லாந்தில் வில்லியம் டென்னியின் கப்பல் கட்டும் தளத்தில் 1880லேயே தொடங்கிவிட்டார்கள். டொயோட்டாவில் 1951ல். நம் மத்திய அரசு 1965ல் ஏற்படுத்திய ஷ்ரம் வீர் விருதுதான் பின்னால் விஸ்வகர்மா ராஷ்ட்ரீய புரஸ்கார் ஆயிற்று. தமிழக அரசுக்கும் 'உயர்ந்த உழைப்பாளர் விருது' உண்டு. ஆனால் ஆலை ஏற்றுக்கொண்டு செயல்படுத்திய யோசனைக்கே விஸ்வகர்மா விருது. அதாவது முதல் சல்லடை டெல்லியில் இல்லை, என்னைப் போல ஷிப்டில் நிற்பவன் காதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. 'விபத்தில்லா நாட்கள்' என்று கேட்டில் போர்டு வைத்து, அதற்கு ஸ்வீட் பாக்கெட் கொடுக்கிறோமே, அதனால் என்ன நடக்கும்? வெட்டுப்பட்ட விரலைப் பாக்கெட்டில் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். பரிசு கொடுப்பதானால், "இங்கே அடிபடும் சார்" என்று முன்கூட்டிச் சொல்பவனுக்குக் கொடுங்கள்.

இப்போது திருவள்ளூர் பக்கம் வேறு ஆலையில் இருக்கிறேன். என் ஷிப்டில் பெட்டி கிடையாது, ஒரு நோட்டு. யார் எந்த மொழியில் சொன்னாலும் நானே பெயரோடு எழுதிக்கொள்கிறேன். முடியாது என்றாலும் ஒரு வாரத்துக்குள் ஏன் என்று நேரில் சொல்லிவிடுகிறேன். கேன்டீன் திருப்பத்தில் ஃபோர்க்லிஃப்ட் வருவது தெரிவதில்லை, கண்ணாடி மாட்டுங்கள் என்றார் பீகார் ஹெல்பர் ஒருவர். மாட்டினோம். கம்பத்தில் அவர் பெயரை எழுதினோம். ஐந்நூறு ரூபாயைவிட அந்தப் பெயரைத்தான் போட்டோ பிடித்து ஊருக்கு அனுப்பினார்.

நாற்காலி போட்டவரையும் தேடிப் பார்த்தேன். கான்ட்ராக்டர் மாறிவிட்டார், விலாசம் கிடைக்கவில்லை.

இலை போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.